சீனியர் வந்துகொண்டிருக்கிறார்

"சீனியர் வந்துக்கிட்டு இருக்காங்க ஐயா, ஒரு பாஸ் ஓவர் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், தான் எழுந்து நின்றதே செண்பகவல்லிக்குத் தெரிந்தது. கால் அதுவாக எழுந்திருந்தது, வாய் அதுவாகச் சொல்லியிருந்தது. மேடையில் இருந்த நீதிபதி அவளைவிட வயதில் இளையவர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டி, வழக்குக் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். எதிர்த்தரப்புக்கு நிற்கும் தேவசகாயம் அண்ணாச்சியும் கூடவே எழுந்து, "எங்களுக்கும் அதேதான் ஐயா" என்று சொல்லி அவளோடு சேர்ந்தே உட்கார்ந்தார். இரண்டு பேரும் வருஷக்கணக்காக இப்படிச் சேர்ந்து எழுந்து சேர்ந்து உட்கார்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழுந்து எழுவதுகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பாஸ் ஓவர் என்றால் பெரிய சட்ட நுணுக்கம் ஒன்றுமில்லை. பெரிய வக்கீல் வரும்வரை வழக்கைத் தள்ளி வையுங்கள், பிறகு மறுபடி கூப்பிடுங்கள் என்று ஜூனியர் கெஞ்சுவது. பெரிய வக்கீல் வருவார், அல்லது வரமாட்டார். வராவிட்டால் வாய்தா. கறுப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து செண்பகம் நீதிமன்றத்தில் வாய் திறந்து பேசியதையெல்லாம் வடிகட்டிப் பார்த்தால் இந்த ஒரு வரிதான் மிஞ்சும். அந்த வரியின் மேல் இன்றைக்கு அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. சிவில் நீதிபதி வேலைக்கான நேர்முகத் தேர்வின் முடிவு இன்று வருகிறது. இதை விட்டால் அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும். அந்த நேர்முகத் தேர்வில், சென்னையில், குளிரூட்டிய அறையில், ஐந்து பெரிய மனிதர்களுக்கு முன்னால், இதே வரியை இதே குரலில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதை நினைக்கக் கூடாது என்று காலையில் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். நினைக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் நினைப்பைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கடக்கென்றது. கவுனுக்குள் கோட்டு, கோட்டுக்குள் ரவிக்கை, அதற்குள்ளே வியர்வை முதுகெலும்பு வழியாக அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் வந்தது. படிக்க ஆரம்பித்ததிலிருந்தே அவளுக்கு எந்நேரமும் தூக்கம்தான், படுத்தால் மட்டும் வராது. பருப்பு வேகும் நேரம் சாட்சியச் சட்டம், துணி காயப்போடும் நேரம் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பஸ்ஸில் இடம் கிடைத்தால் தீர்ப்புகள், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஒப்புவித்தல். எத்தனை சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, எத்தனை சாம்பாரில் விழவே இல்லை. அவள் கணவன் சுடலைமுத்து பள்ளிக்கூட வாத்தியார், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனிதர். அவர் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "ஏட்டி, நேத்து தூக்கத்துல என்னைய பிரதிவாதின்னு கூப்பிட்ட. நா என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அன்று சிரிப்பதற்குக்கூடத் தெம்பில்லை. இப்போது நினைத்துச் சிரிப்பு வந்தது, நீதிமன்றத்தில் சிரிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய் மாதிரி நேர்முகத் தேர்வு. எப்படி நடந்து வர வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும், தெரியாத கேள்விக்கு எப்படிப் பணிவாகத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பயிற்சியாளர் அவளிடம் மட்டும், "மத்தபடி நல்லாப் பண்றீங்க. முகத்துல ஒரு களைப்பு தெரியுதும்மா, அத எடுத்துருங்க" என்றார். எடுத்து எங்கே வைப்பது? பஸ் நிலையத்துக் கழிப்பறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். களைப்பை எடுத்துவிட்டால் அந்த முகத்தில் வேறென்ன இருக்கும் என்று தெரியவில்லை. முதல் வருஷம் இந்த முகம் இப்படி இல்லை. முதல் வருஷம் ஒரு சின்ன மனுவில், சீனியர் வர நேரமாகிறதே என்று, அவளாகவே எழுந்து வாதம் பேச ஆரம்பித்துவிட்டாள். நன்றாகத்தான் பேசினாள், பழைய நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பின்னால் கதவுச் சத்தம், பிறகு கவுனில் ஓர் இழுப்பு. "உக்காரு." அவ்வளவுதான் சீனியர் சொன்னது. வெளியே வந்ததும் திட்டவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அன்றிலிருந்து கதவுச் சத்தம் கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் கேட்டாலும் திரும்புவாள்.

இப்போதும் திரும்பினாள். உள்ளே வந்தது வேறு யாரோ ஒரு கட்சிக்காரர். ஆனால் திரும்பியதில் பேச்சியம்மாளின் கண்ணில் சிக்கிக்கொண்டாள். பேச்சியம்மாள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, கையில் துணிப்பையோடு நின்றாள். உட்கார இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். இன்றைய வழக்கில் பிரதிவாதி அவள்தான், சீனியரின் கட்சிக்காரி. அவள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் குளியலறையும் கழிப்பறையும் கட்டச் சுவர் எழுப்பியபோது, சந்து பொதுச் சந்து என்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். இடைக்காலம் என்று பேர். அந்த இடைக்காலத்தில் பேச்சியம்மாளின் மகள் வயதுக்கு வந்து, கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, இங்கே எப்படி இருப்பது என்று திரும்பியும் போய்விட்டாள். அரைச்சுவரின் மேல் ஒரு தார்ப்பாய். மழைக்காலத்தில் தார்ப்பாய் கிழியும், வெயில் வந்ததும் புதிது கட்டுவாள். போன வாய்தாவின்போது பேச்சியம்மாள், "வக்கீலம்மா, ஒங்க மொகம் எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல, ஒங்க முதுகுதான் நல்லாத் தெரியும்" என்றாள். குத்திக் காட்டவில்லை, பின்னால் நிற்பவளுக்கு அதுதானே தெரியும். ஆனால் செண்பகத்துக்கு அன்று வீட்டுக்குப் போயும் முதுகு எரிந்தது. தடை நீடிக்க நீடிக்க வாதிக்கு லாபம், அதனால் தேவசகாயத்தின் சீனியர் வராமல் இருப்பதில் ஒரு நியாயமாவது உண்டு. நம் சீனியர் ஏன் வரமாட்டேன் என்கிறார்? அவருக்குப் பெரிய வழக்குகள் இருக்கின்றன. தார்ப்பாய் பெரிய வழக்கு இல்லை. தடை வந்த நாளிலிருந்து இன்றுவரை தள்ளிப் போனதில் பாதி, செண்பகம் தன் வாயால் கேட்டு வாங்கியது. இது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறாள். நீதிபதியாகப் போகிறாளாம் நீதிபதியாக.

அந்தத் தார்ப்பாய்தான் சென்னையில் அவளைக் கவிழ்த்தது. மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னாள், உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்தாள். அரை வட்ட மேஜை, ஐந்து பேர். ஊரைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். மரண வாக்குமூலம் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். நடுவில் இருந்தவர் புருவமெல்லாம் வெள்ளை, பெரிய நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிற்பாடு தெரிந்தது. அவர்தான், இடைக்காலத் தடை கொடுக்கும்போது நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அது ஒரு கேள்வியா? பருப்பு வேகும்போது எத்தனை தடவை சொன்னது. கேட்பவர் பக்கம் மேலோட்டமாகவாவது முகாந்திரம் இருக்கிறதா, யாருக்குக் கஷ்டம் அதிகம், பின்னால் ஈடுகட்டவே முடியாத நஷ்டம் வருமா. வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தடை என்ற சொல் காதில் விழுந்ததும் தார்ப்பாய் வந்தது, தார்ப்பாயோடு இந்த மின்விசிறி வந்தது, சுவரில் சாய்ந்து நிற்கும் பேச்சியம்மாள் வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் கதவு திறந்தது. யாரோ காபி கொண்டு வந்தார்கள். செண்பகம் திரும்பிப் பார்த்தாள். வந்தது சீனியர் இல்லை. கால் எழுந்தது, வாய் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, பழக்கப்படி, தேவசகாயம் அண்ணாச்சி "எங்களுக்கும் அதேதான் ஐயா" என்று சொல்வதற்காக ஒரு கணம் காத்துக்கூட நின்றாள். அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒருவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். ஐவரில் ஒரே பெண்ணாக இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். காபி கொண்டு வந்தவர், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துத் தட்டோடு அப்படியே நின்றார். வெள்ளைப் புருவம் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க சீனியர் எப்பம்மா வருவார்?" என்று, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். "வரமாட்டாங்க ஐயா." "அப்ப யார் பதில் சொல்றது?" "நான்தான் ஐயா." சொல் என்று கையைக் காட்டினார். நின்றுகொண்டே சொன்னாள், உட்கார வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. அவர் விடவில்லை. "சரி, நாளைக்கு நீங்க மேல உட்கார்ந்திருக்கீங்க. கீழ ஒரு ஜூனியர் இப்ப நீங்க கேட்ட மாதிரியே எழுந்து கேக்கறார். என்ன செய்வீங்க?" இதற்கு மதுரையில் விடை சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் சாயாத அழகான விடை. அதைத் தேடிப் பிடிக்கத் தெம்பில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று, இனி என்ன என்று இருந்தது. "அவருக்குக் கேஸ் தெரியுமான்னு கேப்பேன் ஐயா." "தெரியும்னு சொன்னா?" "சொல்லச் சொல்லுவேன்." "தெரியாதுன்னு சொன்னா?" "தெரியாதுன்னு சொல்றவங்களுக்கும் தெரியும் ஐயா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்." அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். மதிப்பெண்ணா, மதிப்பெண்ணை அடித்தாரா, சும்மா பேனாவைச் சரிபார்த்தாரா? நன்றி, போகலாம் என்றார்கள். படியிறங்கும்போதுதான் அழுகை வந்தது. அதிலும் சத்தமில்லை.

சுடலைமுத்துவிடம் பாதிதான் சொன்னாள். பாவம், மனிதர் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னது தேவசகாயம் அண்ணாச்சியிடம் மட்டும்தான். அவர் கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளி, "நீயாவது அந்த ரூமுக்குள்ள போய் உளறுன. எனக்கு அந்த வாசல்கூடக் கெடைக்கலம்மா" என்றார். அவரும் இந்தத் தேர்வை வயது இருந்தவரைக்கும் எழுதினார். இப்போது தலைக்குச் சாயம் அடிக்கிறார், சாயம் கலைந்த வாரங்களில் முன்நெற்றி முடி நரைத்துத் தெரியும், இன்னும் ஜூனியர்தான். தன் பழைய குறிப்புகளையெல்லாம் அவளுக்குக் கொடுத்தது அவர்தான். கோர்ட்டில் யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லை, கிண்டல் செய்ய ஒருவரை முதலில் கவனிக்க வேண்டுமே. இன்றைக்குத் தன் எண் வரவில்லை என்றால், தான் தேவசகாயம் ஆகிவிடுவோம் என்று செண்பகம் பயந்தாள். அவர் கொடுத்த கடலையைத் தின்றுகொண்டே அப்படிப் பயந்தாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் பயம் போகவில்லை. இதோ பக்கத்தில் உட்கார்ந்து, தாடை தொங்க, கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். இப்படித் தூங்க அவளுக்கும் தெரியும்.

மடியில் இருந்த கைப்பை நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. நீதிமன்றத்துக்குள் போனை எடுக்கக் கூடாது, எடுக்காமல் இருக்க அது நல்ல காரணம். முடிவு வந்துவிட்டது. எண் இல்லை என்றால் சுடலைமுத்து இத்தனை தடவை கூப்பிடமாட்டார், மெதுவாகச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். இல்லை, அவர் அப்படி விடக்கூடிய ஆளும் இல்லை, இல்லை என்றால்தான் உடனே கூப்பிட்டு, விடுட்டி, போனாப் போகுது என்பார். பை இன்னொரு தடவை நடுங்கி ஓய்ந்து, பிறகு ஒரே ஒரு சின்னத் துடிப்பு. செய்தி. கவுனின் மடிப்புக்குள் போனை மறைத்து, தலையைக் குனிந்து, காது கேட்காதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். 'நம்பர் இருக்கு. பேரும் ஒன் பேர்தான். நல்லாப் பாத்துட்டேன். போன எடு ஏட்டி.' படித்தாள். மறுபடி படித்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த பிறகும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்குமே, அப்படித்தான் இருந்தது. நல்ல இருட்டான அறையில் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும் போலிருந்தது. வெள்ளைப் புருவம் குனிந்து எழுதியது ஞாபகம் வந்தது, அப்படியானால் அது மதிப்பெண்தான். அந்தப் பதிலுக்குத்தான் கொடுத்தாரா? அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? சொல்லிவிட்டு வந்த மறுநாளே இங்கே எழுந்து நின்று பாஸ் ஓவர் கேட்டவள்தானே. இன்றைக்குக் காலையிலும் கேட்டாளே. தேவசகாயத்தைத் தட்டி எழுப்பி, அண்ணாச்சி, கிடைச்சிட்டு என்று சொல்லலாம். அவர் சந்தோஷப்படுவார், நிஜமாகவே சந்தோஷப்படுவார், அதுதான் தாங்காது. போனைப் பைக்குள் போட்டு மூடினாள். அப்போது டவாலி வாசலில் நின்று, உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசி வழக்காக, பேச்சியம்மாளின் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்.

தேவசகாயம் கண் விழித்ததும் எழுந்ததும் ஒரே அசைவுதான். "ஐயா, சீனியர் வேற கோர்ட்டுல மாட்டிக்கிட்டாங்க. ஒரு வாய்தா கேக்கேன்." பேனாவை எடுத்த நீதிபதி, தேதி எழுதக் குனிந்தபடியே, "பிரதிவாதி தரப்பு?" என்று கேட்டார். எங்களுக்கும் அதேதான் ஐயா. தொண்டை வரை வந்தது. முதுகு எரிந்தது. வேலை கிடைத்த தைரியம்தானே இது என்று மனசு கேட்டது. ஆமாம், வேலை கிடைத்த தைரியம்தான், நேற்று எங்கே போயிருந்தாய்? நேற்று இல்லை, இன்றைக்கு இருக்கிறது, இருக்கும்போதே பேசிவிடு.

"பிரதிவாதி தரப்பு வாதத்துக்குத் தயார் ஐயா. நானே பேசுறேன்."

நீதிபதி நிமிர்ந்தார். காலையிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்ப்பது இப்போதுதான். தேவசகாயம் மெல்லத் திரும்பி, "என்னம்மா இது?" என்று மூச்சுக்குள் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. கூட நடந்து வந்தவள் கையை விட்டதுபோல் கேட்டார். வாதிதான் முதலில் வாதத்தைத் தொடங்க வேண்டும், வாதியின் சீனியர் இல்லை, நீதிபதியின் பேனா மறுபடி தேதியை நோக்கிப் போனது. செண்பகம் இன்னும் உட்காரவில்லை. "ஐயா, ஒண்ணு சொல்லிக்கிடுதேன். அண்ணாச்சிக்கு இந்தக் கேஸ் தெரியும். கேட்டுப் பாருங்க."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மின்விசிறி கடக்கென்றது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் தேவசகாயம், இந்த வழக்கு உங்களுக்குத் தெரியுமா?"

தேவசகாயம் கதவைப் பார்த்தார். கதவு மூடியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவுன் நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். செண்பகத்துக்குப் பயம் வந்தது. நேர்முகத் தேர்வில்கூட இப்படிப் பயந்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிடுவாரோ, இத்தனை வருஷம் கொடுத்த கடலைக்குப் பதிலாக ஊர் முன்னால் அவரை இப்படி நிறுத்திவிட்டேனோ என்று தோன்றியது. "தெரியும் ஐயா" என்றார் அவர். குரல் கரகரத்தது. "அப்ப ஆரம்பிங்க."

வழக்குக் கட்டின் நாடா முடிச்சு அவருக்கு அவிழவில்லை. கட்டிக் கட்டித்தான் பழக்கம், கோர்ட்டில் நின்று அவிழ்த்துப் பழக்கமில்லை. நகத்தால் நெம்பி ஒருவழியாக அவிழ்த்தார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறினார், மூன்றாவதில் குரல் தெளிந்தது. தெளிந்த குரலை யாரும் கேட்டதில்லை, நல்ல குரல். சந்து பொதுச் சந்துதான் என்பதற்கு வாதியின் பத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம், பேச்சியம்மாளின் சாட்சியத்திலேயே ஒரு வரி இருக்கிறது, மாமனார் காலத்தில் பக்கத்து வீட்டார் அந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போனார்கள் என்று அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார் என்றார். அந்த வரியைச் செண்பகம் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள், இப்படி யோசித்ததே இல்லை. கிணற்றுக்குப் போனது உரிமையோடு போனதா, அனுமதி கேட்டுப் போனதா? அங்கே பிடிக்கலாம், ஆனால் சுலபமில்லை. தோற்றால் தார்ப்பாய் அப்படியேதான் இருக்கும், அதற்கு அவள்தான் காரணமாவாள், சீனியர் தலையில் போட முடியாது. பின்னால் பேச்சியம்மாளின் துணிப்பை சுவரில் உரசும் சத்தம் கேட்டது. வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் போட்டுப் பேனாவைத் திறந்தாள். அண்ணாச்சி இரண்டாவது வாதத்துக்குப் போய்விட்டார், விட்டுவிடக் கூடாது. அப்போது பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம் நடுவழியாக முன்னே வந்தது. செண்பகம் எழுதிக்கொண்டிருந்தாள்.